தென்னை உச்சியில் ஆள் இருக்கும்போது தலைக்கு மேல் சின்ன விமானம்: யாரிடம் புகார் சொல்வது?

கோரையாற்றங்கரை:

வணக்கமுங்க. நாங்க வேலந்தாவளத்துக்கும் எருத்தேம்பதிக்கும் நடுவுல இருக்கிறோம். மாவட்டம் பாலக்காடு, தாலுக்கா சித்தூர். ஆபீஸ் காகிதமெல்லாம் மலையாளம், வீட்டுலயும் சந்தையிலயும் பேச்சு தமிழ். தென்னந்தோப்பும் கொஞ்சம் கறவை மாடும்தான் பொழப்பு. தோப்புல பாதி மரத்தைக் கள்ளுக்கு விட்டிருக்கோம். விமானம் ஓட்டினவங்க சிலர் இங்க எழுதறாங்கன்னு என் தங்கச்சி மகன் சொன்னான், அதனால கேக்கறேன்.

சில மாசமா ஞாயித்துக்கிழமைக் காலையில ஒரு சின்ன விமானம் கிழக்கே இருந்து வருது. மேல இறக்கை, மூக்குல ஒத்தக் காத்தாடி. எங்களுக்கு அடுத்த தோப்பைச் சுத்தி ஒரு பக்கமா நல்லா சாஞ்சு வட்டம் அடிக்கும். அப்புறம் தென்னை மட்டைக்குக் கொஞ்சம் மேல நேரா ஒரு ஓட்டம் ஓடி, தமிழ்நாட்டுப் பக்கமே திரும்பிப் போயிரும். ஓட்டறது யாருன்னு ஊருக்கே தெரியும். அடுத்த தோப்புக்காரங்க வீட்டுப் பையன். சொந்தக் காசுல படிச்சு லைசன்ஸ் வாங்கியிருக்கான். என் கண்ணு முன்னால வளந்தவன், பெரியவங்களைக் கண்டா வண்டியை நிறுத்தி இறங்கிப் பேசற பையன். அவன் வர்றப்ப அவங்க அப்பத்தா வாசல்ல நின்னு துண்டை ஆட்டுவாங்க, சின்னப் பசங்க மொட்டை மாடியில ஏறிக் கத்துவாங்க. ஊருக்கும் பெருமைதான். எனக்கும் முதல் தடவை பாத்தப்ப சந்தோசமாத்தான் இருந்துச்சு.

முதல்ல பயந்தது எங்க வீட்டுக்காரர். "மருந்தடிக்கிறாங்களா?"ன்னு கேட்டுட்டே மாட்டுத் தொட்டித் தண்ணியை மூடப் போனார். காசர்கோடு முந்திரித் தோட்டங்கள்ல 2000 வரைக்கும் ஹெலிகாப்டர்ல எண்டோசல்பான் அடிச்சதும், அங்க பொறந்த குழந்தைகள் பட்ட பாடும் கேரளாவுல யாருக்கும் மறக்கலீங்க. இது மருந்தில்லைன்னு தெரிஞ்சதும் அவர் சமாதானமாயிட்டார். நான் ஆகல.

காரணம் எங்க செத்துக்காரர். கள்ளு இறக்கறவங்களை இங்க அப்படித்தான் சொல்லுவோம். போன வாரம் அந்த விமானம் வந்தப்ப அவர் மரத்து மேல இருந்தார். கால் ரெண்டும் மட்டை இடுக்குல, இடுப்புல கள்ளு முட்டி, ஒரு கையில பாளை, இன்னொரு கையில செத்துக்கத்தி. பாளையை மெல்லிசா ஒரு சீவு சீவற நேரம். நான் கீழ மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு இருந்தேன். சத்தம் தூரத்துல இருந்து வளந்து வரலீங்க. தோப்பு மறைச்சிருக்கறதால திடீர்னு உச்சந்தலையிலதான் கேட்டுச்சு. அவர் உடம்பு ஒரு உலுக்கு உலுக்குனது கீழ இருந்தே தெரிஞ்சுது. கத்தி கை நழுவி விழுந்து, கட்டுத்தறிக்கு ரெண்டடி தள்ளி மண்ணுல குத்தி நின்னுச்சு. அதோட அலகைப் பாத்தவங்களுக்குத் தெரியும், முகம் வழிக்கிற கூர்மை. அவர் மரத்தைக் கட்டிப் பிடிச்சுட்டு ரொம்ப நேரம் இறங்கவே இல்ல. இறங்கி வந்ததும் என்கிட்ட, "யாருகிட்டயும் சொல்லாதீங்க அக்கா, அவங்க தோப்புலயும் நான்தான் ஏறறேன்"ன்னார்.

நான் சொன்னேன். அந்த வீட்டுலயே போய்ச் சொன்னேன். பையனோட அப்பா, "ஏனுங்க, நம்ம ஊர்ப் பையன் மேல வந்தா உங்களுக்குப் பொறுக்கலையா"ன்னுட்டார். ஸ்டேஷன்ல கேட்டா, விமானம் தமிழ்நாட்டுல இருந்து வருது, எங்க எல்லைக்குள்ள வராதுன்னு அனுப்பிட்டாங்க.

எவ்வளவு தாழப் பறக்கலாம்னு சட்டம் ஏதாச்சும் இருக்குங்களா? யாருகிட்டப் போகணும்? அந்தப் பையன் கெட்டுப் போகணும்னு எனக்கு இல்ல. மரத்து மேல இருக்கிறவர் உயிரோட இறங்கணும், அவனும் உயிரோட தரையிறங்கணும், அவ்வளவுதான்.

பழைய பயிற்றுநர்:

அம்மா, முதலில் உங்கள் கேள்விக்கு நேர் பதில். சட்டம் இருக்கிறது, அது தெளிவாகவும் இருக்கிறது. கண்ணால் பார்த்து ஓட்டுகிற விமானம், ஏறும்போதும் இறங்கும்போதும் தவிர, தரையிலிருந்தோ தண்ணீரிலிருந்தோ 500 அடிக்குக் கீழே வரக்கூடாது. வீடுகள் நெருங்கிய ஊர், திருவிழாக் கூட்டம் போன்ற இடங்களில், விமானத்தைச் சுற்றி 600 மீட்டர் ஆரத்துக்குள் எது உயரமோ அதற்கு மேல் 1000 அடி வேண்டும். மத்திய அரசின் விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏ தனியாக அனுமதி கொடுத்தால்தான் விலக்கு. அப்பத்தாவுக்குக் கை காட்ட யாரும் அனுமதி கொடுப்பதில்லை.

இதையும் தாண்டி, 1937 விமான விதிகளில் 21-ஆம் விதி என்று ஒன்று உண்டு. தாழ்வாகப் பறந்தோ, ஆட்களுக்கும் குடியிருப்புக்கும் பக்கத்தில் பறந்தோ, எவருக்கும் எந்தச் சொத்துக்கும் தேவையில்லாத ஆபத்து உண்டாக்கக்கூடாது என்பது அதன் சாரம். அதாவது அடிக்கணக்கை நிரூபிக்க முடியாவிட்டாலும், கத்தி கீழே விழுந்ததே பேசும்.

மாநில எல்லை இதில் குறுக்கே வராது. வான்வழி மத்திய அரசின் கையில் உள்ள விஷயம். வேலந்தாவளம் செக்போஸ்ட் லாரிக்குத்தான், விமானத்துக்கு இல்லை. டிஜிசிஏவின் தென்மண்டல அலுவலகம் சென்னையில் இருக்கிறது. அங்கே விமானப் பாதுகாப்புப் பிரிவுக்கு எழுதுங்கள்.

ஆனால் அதற்கு முன்னால் ஒரு வழி இருக்கிறது. பையன் விமானத்தை எங்கிருந்து எடுக்கிறான் என்று விசாரியுங்கள். சின்ன விமானம் பெரும்பாலும் ஏதாவது ஒரு பயிற்சி நிலையத்துக்கோ கிளப்புக்கோ சொந்தமாக இருக்கும். அங்கே தலைமைப் பயிற்றுநர் என்று ஒருவர் இருப்பார். நான் அந்த வேலையில் இருந்தவன். இப்படி ஒரு கடிதம் என் மேசைக்கு வந்திருந்தால் அன்றைக்கே அந்தப் பையனின் சாவியை வாங்கி வைத்திருப்பேன்.

மேகம் தொடுவேன்:

நான் இப்பதான் பயிற்சி எடுத்துட்டு இருக்கேன், தனியார் பைலட் லைசன்சுக்கு வேண்டிய 40 மணி நேரம் இன்னும் முடியல. அக்கா வருத்தம் புரியுது. ஆனா ஒண்ணு கேக்கறேன், அது 500 அடிக்குக் கீழதான்னு எப்படித் தெரியும்? கீழ இருந்து பாக்கறவங்களுக்கு எப்பவும் தாழ வர்ற மாதிரிதான் தெரியும். தோப்புக்குள்ள சத்தமும் எதிரொலிக்கும். அப்புறம், என்ஜின் நின்னா எங்க இறக்கறதுன்னு பழகறப்ப நாங்களும் வயல் பக்கம் தாழப் போவோம். அதையெல்லாம் தப்புன்னு புகார் குடுத்தா பறக்கிறவங்க எல்லாருக்கும் கஷ்டம்.

பழைய பயிற்றுநர்:

தம்பி, கேள்வி நியாயம். பதிலும் சொல்லிவிடுகிறேன், அம்மாவுக்கும் உதவும்.

அவர் சொல்கிற வர்ணனை செஸ்னா 172 அல்லது 152 போலத் தெரிகிறது. 172-இன் இறக்கை நுனிக்கு நுனி 11 மீட்டர். தலைக்கு நேர் மேலே வரும்போது கையை முழுசாக நீட்டி மறையுங்கள். ரெண்டு விரல் அகலத்துக்குள் இறக்கை மறைந்தால் சுமார் 500 அடி. மடக்கிய முஷ்டி முழுசும் தேவைப்பட்டால் 200 அடிதான். போனில் வீடியோ எடுக்கும்போது தென்னை உச்சியும் விமானமும் ஒரே சட்டத்தில் விழும்படி எடுத்தால், விவரம் தெரிந்தவர்கள் உயரத்தைக் கணக்கிட்டுவிடுவார்கள். விடி (VT) என்று தொடங்கும் பதிவு எழுத்துகள் இடது இறக்கையின் அடியில் அரை மீட்டர் உயரத்தில் இருக்கும். அதை வாசிக்க முடிந்தது என்பதை மட்டும் தாழ்வுக்குச் சாட்சியாக வைக்காதீர்கள். நல்ல கண்ணுக்கு 1000 அடியிலும் அது தெரியும்.

என்ஜின் நின்றால் இறக்குவதற்குப் பழகுவது வேறு. அது பயிற்றுநர் பக்கத்தில் உட்கார்ந்து, அதற்கென்று குறித்த பகுதியில் நடப்பது. அதில் யாரும் அப்பத்தா வீட்டைச் சுற்றி வட்டம் அடிப்பதில்லை.

இப்போது அந்த வட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கொல்வது அதுதான். 172 நேராகப் பறக்கும்போது, இறக்கையின் பின்மடிப்பான ஃபிளாப்பை இறக்காமல், ஸ்டால் ஆகிற, அதாவது இறக்கை தூக்கும் சக்தியை இழக்கிற வேகம் ஏறக்குறைய 48 நாட் (மணிக்கு 48 கடல் மைல்). 60 டிகிரி சாய்த்து உயரம் இழக்காமல் திருப்பினால், இறக்கை விமானத்தின் எடையைப் போல ரெண்டு மடங்கு சுமக்கிறது, ஸ்டால் வேகம் 68 நாட் ஆகிவிடும். வாசலில் நிற்கிற ஆளைப் பார்த்துக்கொண்டே திருப்புகிறவன் வேகமானியைப் பார்ப்பதில்லை. வீடு பின்னால் நழுவ நழுவ இன்னும் சாய்ப்பான், இன்னும் ஸ்டிக்கை இழுப்பான். ஒரு இறக்கை பட்டென்று விழும். மீண்டு வரச் சில நூறு அடி வேண்டும். அவனிடம் அந்த உயரமே இல்லை.

உங்கள் ஊரில் இதோடு காற்றும் சேர்ந்துகொள்கிறது. பாலக்காட்டுக் கணவாயில் ஆடி மாதம் மேற்கிலிருந்து அடிக்கிற காற்று எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தாழ்வாக, காற்று முதுகில் தள்ள, கிழக்கே திரும்புகிறான் என்று வையுங்கள். தரை விர்ரென்று ஓடும். வேகம் அதிகம் என்று கண் சொல்லும், கை தானாக என்ஜின் விசைப்பிடியை, அதாவது திராட்டிலை, குறைக்கும். இறக்கைக்குத் தெரிவது தரை வேகம் அல்ல, காற்றில் போகிற வேகம் மட்டும்தான். 3000 அடியில் இந்த மயக்கம் வராது, தரை அவ்வளவு வேகமாக ஓடுவதாகத் தெரியாது. தென்னை உயரத்தில்தான் வரும்.

என்ஜின் நின்றால் 172 ஒரு அடி இறங்குவதற்குள் ஒன்பது அடி முன்னே போகும். 500 அடியில் என்றால் ஒன்றேகால் கிலோமீட்டருக்கு மேல் கிடைக்கும், ஒரு தரிசு நிலம் பார்த்து இறக்கலாம். 200 அடியில் அரை கிலோமீட்டர். அதற்குள் உங்கள் பக்கம் என்ன இருக்கிறது? தென்னை, அப்புறமும் தென்னை, கரும்பு, ஒரு சாளை வீடு.

1980 ஜூன் 23-ஆம் தேதி டெல்லியில், சப்தர்ஜங் விமான நிலையத்துக்குப் பக்கத்தில், பிட்ஸ் எஸ்-2ஏ விமானத்தைத் தாழ்வான உயரத்தில் வித்தை காட்டி ஓட்டும்போதுதான் சஞ்சய் காந்தி இறந்தார். கூட இருந்த கேப்டனும் இறந்தார். அந்த விமானம் வித்தைக்கென்றே செய்தது, கூட இருந்தவர் பயிற்றுநர். அப்படியும் தப்பவில்லை. உங்கள் ஊர்ப் பையன் ஓட்டுவது வித்தைக்குச் செய்த விமானமே இல்லை.

டவர் லைன்:

நான் மின்பாதையில வேலை பாத்து ரிட்டயர் ஆனவன், மீனாட்சிபுரம் பக்கம். பயிற்றுநர் ஐயா சொல்லாம விட்டது ஒண்ணு இருக்கு: கம்பி.

உடுமலைப்பேட்டையில இருந்து பாலக்காட்டுக்கு 400 கேவி, அதாவது 4 லட்சம் வோல்ட் லைன் போகுது. புகளூர் – திருச்சூர் 320 கேவி டிசி (நேர்மின்) லைனும் இந்தக் கணவாயை நம்பித்தான் வந்தது. இது போக மாநில லைன், 110 கேவி, எல்லாம் தோப்புக்கு நடுவுல. ரெண்டு டவருக்கு நடுவுல 400 மீட்டர் வரைக்கும் இடைவெளி இருக்கும். தென்னை அடர்த்தியா இருந்தா டவரே பாதி மறைஞ்சிரும்.

பைலட் கண்ணுக்குப் படறது கரண்ட் போற கம்பி. 400 கேவி-யில போடற 'மூஸ்'ங்கற ரகக் கண்டக்டர், அதாவது அந்தக் கரண்ட் கம்பி, 32 மில்லிமீட்டர் தடிமன், அதுவே தூரத்துல மசமசன்னுதான் இருக்கும். அதுக்கும் மேல, டவர் உச்சியில, இடி தாங்கறதுக்கு எர்த் வயர் ஓடும். அது வெறும் 11 மில்லிமீட்டர். கண்டக்டரைப் பாத்து "ஐயோ"ன்னு மூக்கைத் தூக்கறவன் நேரா அந்த எர்த் வயர்ல போய் மாட்டுவான். 90 நாட்ல வர்ற விமானம் ஒரு செகண்டுக்கு 46 மீட்டர் போகுது. நான் டவர் மேல நின்னு வேலை செஞ்சவன். பக்கத்து டவருக்குப் போற எர்த் வயரை, அங்கதான் இருக்குன்னு தெரிஞ்சும், வெயில் நேரத்துல கண்ணால புடிக்க முடியாது. ஆரஞ்சு உருண்டை மாட்டியிருக்கிற இடம் கொஞ்சம்தான், ஏர்போர்ட் பக்கம், ஆத்துக் குறுக்கே, இப்படி. தோப்புக்கு நடுவுல எவனும் மாட்டறதில்ல, ஏன்னா அங்க விமானம் வரவே கூடாது.

கம்பி அறுந்தா என்ன ஆகும்னு கேளுங்க. விமானத்துல இருக்கிறவங்களோட முடியாது. கீழ ஈரத் தோப்புல நிக்கிற ஆள், மாடு, கம்பிவேலி எல்லாத்துலயும் பாயும். அம்மா, உங்க தோப்புக்கு ஒரு கிலோமீட்டர் சுத்துல எந்த லைன் எங்க போகுதுன்னு ஒரு பேப்பர்ல வரைஞ்சு அந்தக் கடிதத்தோட வைங்க.

தெளிப்பான்:

கொழிஞ்சாம்பாறையில ட்ரோன்ல மருந்து, நுண்ணூட்டம் தெளிக்கிறேன். எங்களுக்கு 400 அடிக்கு மேல போகக்கூடாதுன்னு 2021 ட்ரோன் விதி. விமானத்துக்கு 500 அடிக்குக் கீழ வரக்கூடாது. நடுவுல இருக்கிற 100 அடிதான் எங்களுக்கும் அவங்களுக்கும் வேலி. நெல்லுக்கு அடிக்கிறப்ப பயிருக்கு ரெண்டு மூணு மீட்டர் மேலதான் ட்ரோன் நிக்கும், ஆனா வயல் விட்டு வயல் தாண்டறப்ப தென்னைக்கு மேல தூக்கித்தான் போகணும். மருந்து நிரப்பின ட்ரோன் 25 கிலோ வரும். ஒரு பாறாங்கல் கண்ணாடியில மோதறதுக்கும் இதுக்கும் வித்தியாசம் இல்ல. ஞாயித்துக்கிழமை காலையிலதான் எங்களுக்கு வேலை ஜாஸ்தி, காத்து எந்திரிக்கறதுக்கு முன்னால. அந்தப் பையனுக்கு இது தெரியுமான்னே எனக்குச் சந்தேகம்.

மேகம் தொடுவேன்:

எர்த் வயர் விஷயம் எனக்கு யாரும் சொல்லித் தரல. நன்றி அண்ணா. விரல் கணக்கை இன்னைக்கு எங்க ரன்வே பக்கத்துல நின்னு பாத்தேன், சரியாத்தான் வருது. அக்கா, நீங்க எழுதுங்க.

கோரையாற்றங்கரை:

எல்லாருக்கும் நன்றிங்க. நடந்ததைச் சொல்லிடறேன்.

இந்த ஞாயிறும் வந்தான். வீட்டுக்காரர் கையை நீட்டிப் பாத்தார், முஷ்டிக்கு வெளியயும் இறக்கை நீட்டிட்டு இருந்துச்சு. நான் வீடியோ எடுத்துட்டேன், தென்னை உச்சியோட சேத்து. அதை எடுத்துட்டு அவங்க அப்பாகிட்டப் போகல, அப்பத்தாகிட்டப் போனேன். பயிற்றுநர் ஐயா எழுதினதை அப்படியே வாசிச்சுக் காட்டினேன். வாசல்ல நிக்கிற ஆளைப் பாத்துட்டே திருப்பறான்னு வந்த இடத்துல, "என்னையவா பாக்கறான்?"ன்னு கேட்டாங்க. ஆமாங்கன்னேன். அன்னைக்கு ராத்திரியே பேரனுக்குப் போன் பண்ணி, இனிமே வாசல்ல வந்து நிக்க மாட்டேன்னுட்டாங்க.

பையன் மறுநாள் கார்ல வந்தான். எங்க தோப்புக்கு வந்து செத்துக்காரர் ஏறியிருந்த மரத்துக்கடியில நின்னு அண்ணாந்து பாத்தான். மேல இருந்து பாத்தா பச்சை ஓலை மட்டும்தாங்க தெரியுது, உள்ள ஆள் இருக்கிறது தெரியவே தெரியாதுன்னான். அவன் சொல்றது நிசம், நான் நம்பறேன். ஓலை மறைவுக்குள்ளதான் அவங்க வேலையே. காலையிலயும் சாயங்காலமும் இந்த சித்தூர்ச் சீமை முழுக்க எத்தனையோ மரத்துல ஆள் இருப்பாங்க, ஒருத்தரும் மேல இருந்து தெரிய மாட்டாங்கன்னு சொன்னேன். செத்துக்காரர் இறங்கி வந்தார். பையன் அவர் கையைப் புடிச்சுட்டு மன்னிப்புக் கேட்டான்.

இனிமே வரமாட்டேன்னு சொல்லியிருக்கான். அப்படியிருந்தும் கடிதத்தை அனுப்பலாமான்னு ராத்திரியெல்லாம் யோசனை. செத்துக்காரர் கையெழுத்துப் போட மாட்டார், அவர் நிலைமை அப்படி. போட்டா நான் மட்டும்தான் போடணும். என்ன சொல்றீங்க?

பழைய பயிற்றுநர்:

அனுப்புங்கள் அம்மா. கிளப்பின் தலைமைப் பயிற்றுநருக்கு முதலில், நகல் சென்னைக்கு. பையன் திருந்தியதையும் அதிலேயே எழுதுங்கள், மன்னிப்புக் கேட்டதையும் எழுதுங்கள். அது அவனுக்கு நல்லதுதான் செய்யும். இவன் ஒருவன் நிறுத்தினால் போதாது. அதே விமானத்தை அடுத்த வாரம் வேறொருவன் எடுப்பான், அவனுக்கும் ஒரு ஊர் இருக்கும், வாசலில் யாராவது நிற்பார்கள். பயிற்றுநர் ஒரு தடவை எல்லோரையும் உட்கார வைத்துப் பேசினால் அது நிற்கும்.

கடிதத்தில் தேதி, நேரம், எந்தத் திசையிலிருந்து வந்தது, எத்தனை வட்டம், பதிவு எழுத்து, உங்கள் தோப்பின் சர்வே எண் இருக்கட்டும். நேரம் நிமிடக் கணக்கில் இருந்தால் கோயம்புத்தூர் விமானக் கட்டுப்பாட்டு நிலைய (ஏடிசி) பதிவோடு ஒப்பிட முடியும். வீடியோவை வெட்டாமல் ஒட்டாமல் அப்படியே வைத்திருங்கள், வாட்ஸ்அப்பில் அனுப்பினால் தரம் குறையும், பென்டிரைவில் போடுங்கள். கோபமான வார்த்தை ஒன்றும் வேண்டாம், நீங்கள் இங்கே முதலில் எழுதியதையே அனுப்பலாம். செத்துக்காரர் பெயரைக் குறிப்பிடாமல் "மரத்தின் மேல் வேலை செய்துகொண்டிருந்த தொழிலாளி" என்று மட்டும் போடுங்கள்.

கோரையாற்றங்கரை:

சரிங்க. டவர் லைன் அண்ணன் சொன்ன மாதிரி வரைபடமும் வைக்கறேன். எங்க தோப்புக்குத் தெற்கே ஒரு 110 கேவி லைன் போகுது, அவன் நேரா ஓடற ஓட்டம் அதுல போய்த்தான் முடியுது. நாளைக்குக் கொழிஞ்சாம்பாறை தபாலாபீசுல ரிஜிஸ்டர் பண்ணிடறேன். பதில் வந்தா இங்கயே எழுதறேன்.